கருவாட்டு வாடை

அன்புள்ள ஐயா,

பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் என்றாலே நம் சிறுகதைகளில் ஏன் நரகமாகவே இருக்கிறது? பஜ்ஜி சொஜ்ஜி, வரதட்சணை, மாமியார், கண்ணீர். புதுமைப்பித்தன் காலத்தில் தொடங்கிய மேல்நாட்டு மோகம்தான் காரணம் என்று நினைக்கிறேன். என் அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி 41 வருடம். ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லை. இப்படிப்பட்டவர்கள் ஏன் கதைக்குள் வருவதில்லை?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

மேல்நாட்டு மோகம் என்ற பேச்சை விடுங்கள். புதுமைப்பித்தனுக்கு முன்பே எழுதிய மாதவையாவின் 'குசிகர் குட்டிக் கதைகள்' 1924இல் வந்தபோது, குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம்கூடக் கிடையாது. 1929இல் அந்தச் சட்டம் வந்தபோதும் பெண்ணுக்கு 14 வயது ஆனால் போதும் என்றுதான் சொன்னது. அன்றைக்குக் கல்யாணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவர் கோபப்படாமல் வேறென்ன செய்வார்? பஜ்ஜி சொஜ்ஜி எனக்கும் அலுத்துவிட்டது. சரி.

புதுமைப்பித்தனை இழுத்தீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. 1943இல் கலைமகளில் வந்த 'செல்லம்மாள்' படித்தீர்களா? ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, சீக்காளி மனைவிக்குச் சமைத்துப் போடுகிறார். அவள் செத்த ராத்திரி வெந்நீர் வைத்துத் தானே குளிப்பாட்டுகிறார். அதைப் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

'ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லை.' கொஞ்ச நாளாக என்னைத் தொந்தரவு செய்யும் வாக்கியம் இது. யார் சொன்னது? அம்மாவைக் கேட்டீர்களா? சத்தம் கேட்கவில்லை என்றால் யாரோ ஒருவர் வாயை மூடிக்கொண்டார் என்றும் இருக்கலாமே. இத்தனை வருடம் அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இதைக்கூட விசாரிக்காமல் எங்களிடம் கதை கேட்கிறீர்கள். அம்மா எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார் என்று முதலில் கேளுங்கள். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று எழுந்து போவார். பின்னாலேயே போய்க் கேளுங்கள்.

என் பெரியப்பா வீட்டிலும் சத்தம் இருந்ததில்லை. பெரியம்மா தூத்துக்குடிக்காரி, கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காத வீட்டில் பிறந்தவள். வாக்கப்பட்டது கோவில்பட்டியில். வந்த முதல் வாரமே "இந்த நாத்தம் வீட்டுக்குள்ள வரப்படாது" என்று பெரியப்பா ஒரே ஒரு தடவை சொன்னாராம். 38 வருடம் வரவில்லை. அவர் கொடுமைக்காரர் இல்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தது அவர்தான். ராத்திரி தைலம் தேய்த்துவிட்டதும் அவர்தான்.

அவர் போய் இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். முந்தியில் முடிந்திருந்த ரூபாயை அவிழ்த்து என் கையில் திணித்தாள். "நூறு கிராம் நெத்திலிக் கருவாடு வாங்கிட்டு வா. யார்ட்டயும் சொல்லாத."

தலையைக் கிள்ளிப் போட்டு, சுடுதண்ணீரில் மூன்று தரம் அலசினாள். கத்திரிக்காய் நறுக்கினாள், புளி கரைத்தாள். சட்டியை அடுப்பில் ஏற்றப் போனவள் என்ன நினைத்தாளோ, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், பெரியப்பா படம் மாட்டியிருந்த அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். கதவுக்கு அடியில் இருந்த சந்தில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்தாள்.

"அவுகளுக்கு வாடை ஆகாது" என்றாள்.

அப்புறம் அடுப்படியிலேயே உட்கார்ந்து, இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.