கோதுமை கொடுத்தும் ஏன் கசப்பு?

இவ்வளவு உதவி செய்தும் அமெரிக்கா மேல் மற்ற நாடுகளுக்கு ஏன் கசப்பு என்று கேட்கிறீர்கள். நம் கதையையே பாருங்கள். 1965, 66 இரண்டு வருடமும் மழை பொய்த்துவிட்டது. 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து இறங்கியது, அதில் பெரும்பகுதி பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வந்தது, அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது, அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் அதிபர் ஜான்சன் மொத்தமாக அனுப்பவில்லை, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கப்பலை விட்டார். இந்தியா விவசாயக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது ஒரு காரணம், அப்புறம் வியட்நாம் போரை நாம் விமர்சித்ததில் அவருக்குக் கோபம். அடுத்த கப்பல் எப்போது வரும் என்று ஒரு அரசாங்கமே காத்திருந்தது பெரிய அவமானம். பசியில் இருப்பவனிடம் பேரம் பேசியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அதே 1966-ல் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் அதிக விளைச்சல் தரும் குட்டை ரகக் கோதுமை விதையை வரவழைத்தார். அந்த ரகங்களை உருவாக்கிய வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக்கும் அமெரிக்கர்தான், அவருக்குத் துணைநின்ற ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் அமெரிக்காவுடையதுதான். அவரை இங்கே யாரும் கசப்போடு நினைப்பதில்லை.