தோல் பைப் பட்டறைக்கு வலைத்தளம்: வேர்ட்பிரஸா, விக்ஸா, ஷாப்பிஃபையா?

கேள்வி: மும்பை தாராவியில், 90 அடி ரோடு பக்கம், தோல் பை, பர்ஸ், பெல்ட் தைக்கும் சிறிய பட்டறை வைத்திருக்கிறோம். அப்பா காலத்திலிருந்து கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் மொத்தமாகத்தான் கொடுக்கிறோம். இப்போது ஆர்டர் பேச வருபவர்கள் முதலில் ‘வெப்சைட் இருக்கா?’ என்றுதான் கேட்கிறார்கள். வெப்சைட் உருவாக்கும் கருவியாக ஒருவர் வேர்ட்பிரஸ் என்கிறார், இன்னொருவர் விக்ஸ், மூன்றாமவர் ஷாப்பிஃபை. நான் பி.காம்., கோடிங் தெரியாது. மதுரை, சென்னைக் கடைக்காரர்களுக்காகத் தமிழிலும் ஒரு பக்கம் வேண்டும். எதில் தொடங்கலாம்?

பதில்: மூன்று பேர் சொன்னதும் தப்பில்லை. ஆளாளுக்கு ஒரு வியாபாரத்தை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் வியாபாரம் மொத்த வியாபாரம். வருகிறவர் பையின் படத்தைப் பார்க்க வேண்டும், எந்தத் தோல், என்ன அளவு, குறைந்தது எத்தனை பீஸ் எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் வாட்ஸ்அப்பில் பேசுவார். விலை பேசி முடிவாகிற இடத்தில் ‘கார்ட்டில் சேர்’ பொத்தானுக்கு என்ன வேலை? அதனால் ஷாப்பிஃபையை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். ஒற்றை ஒற்றைப் பையாக, ஆன்லைனில் பணம் வாங்கி, கூரியரில் அனுப்புகிறவர்களுக்கு அது அருமையான கருவி. ஆனால் ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் மாத வாடகை போய்க்கொண்டே இருக்கும். ஜூம்லா, ட்ரூபல் என்று யாராவது ஆரம்பித்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். நல்ல மென்பொருள்கள்தான், புதிதாக வருகிறவருக்கு ஆனவை அல்ல.

மிச்சம் இரண்டு. 2003-ல் வந்த வேர்ட்பிரஸ் இன்று உலகத் தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் ஓடுகிறது. இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், சிக்கல் வந்தால் கை கொடுக்க ஆள் கிடைக்கும். சயானில் ஒருவர் கைவிட்டால் செம்பூரில் இன்னொருவர் எடுத்துச் செய்வார். விக்ஸில் அந்தத் தேவையே குறைவு. படத்தை இழுத்து வைத்தால் பக்கம் தயார், சர்வர், அப்டேட் எல்லாம் அவர்கள் தலைவலி.

வேர்ட்பிரஸில் புதியவர்கள் வழக்கமாகக் குழம்பும் ஓர் இடம் உண்டு. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது இலவச மென்பொருள்; ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க சர்வரில் இடம், வாங்கி நீங்களே நிறுவிக்கொள்வது. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதே மென்பொருளை ஒரு நிறுவனம் தன் சர்வரில் வைத்துத் தருவது. இலவசத் திட்டமும் உண்டு, கட்டணத் திட்டங்களும் உண்டு. ‘வேர்ட்பிரஸில் செய்து தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், இரண்டில் எது என்று கேட்டுவிடுங்கள். நான் இங்கே சொல்வது முதலாவதைப் பற்றி.

அதில் மென்பொருள் இலவசம் என்றாலும் பராமரிப்பு உங்கள் பொறுப்பு. வேர்ட்பிரஸ், தீம் (தளத்தின் தோற்றம்), பிளக்இன் (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் சின்ன மென்பொருள்) மூன்றுக்கும் அப்டேட் வந்துகொண்டே இருக்கும். பல மாதம் தொடாமல் விட்டால் ஏதாவது ஒரு பழைய பிளக்இன் ஓட்டை வழியாக உள்ளே புகுந்து, உங்கள் பைப் பக்கத்தைச் சூதாட்ட விளம்பரமாக மாற்றிவிடுவார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை ‘ஃப்ரீயாகப் போட்டுத் தருகிறேன்’ என்பவரிடம் இன்னும் கவனம். அப்படிச் சுற்றும் திருட்டுப் பிரதிகளில் வைரஸ் ஒளிந்திருப்பது சகஜம். மாதம் ஒரு தடவை உட்கார்ந்து பேக்கப் எடுத்து, அப்டேட் கொடுக்கப் பட்டறையில் ஓர் ஆள் உண்டா? நீங்களோ தம்பியோ, யாராவது. உண்டென்றால் வேர்ட்பிரஸ். கண்டிப்பாக நடக்காது என்றால் விக்ஸ்.

இன்னொன்றையும் பாருங்கள்: நாளைக்கு வெளியே வர வேண்டியிருந்தால்? விக்ஸ் வாடகைக் கடை மாதிரி. சுவரோடு அடித்த அலமாரியைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. அங்கே கட்டிய பக்கங்களை அப்படியே வேறு ஹோஸ்டிங்கில் கொண்டுபோய் வைக்க வழியில்லை. வேர்ட்பிரஸ் என்றால் கோப்புகளையும் டேட்டாபேஸையும் எடுத்துக்கொண்டு எந்த ஹோஸ்டிங்குக்கும் போகலாம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. கூகுள் தன் பிசினஸ் ப்ரொஃபைலோடு (தேடலிலும் மேப்பிலும் வரும் கடை விவரப் பக்கம்) இலவசமாகக் கொடுத்துவந்த தளங்களை 2024 மார்ச்சில் மூடியது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்த கடைக்காரர்களுக்கு, அந்த ஆண்டு ஜூன் 10-க்குப் பிறகு ப்ரொஃபைலுக்குத் திருப்பிவிடுகிற வசதியும் போயிற்று.

ஆகவே எந்தக் கருவியை எடுத்தாலும் டொமைன், அதாவது தளத்தின் முகவரி, உங்கள் பெயரில் இருக்கட்டும். நான் பார்த்தவரை சின்ன வியாபாரிகள் மாட்டிக்கொள்வது மென்பொருளில் அல்ல, இங்கேதான். தளம் செய்கிறவர் ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று தன் அக்கவுண்ட்டிலேயே டொமைனை வாங்கிவிடுவார். பிறகு அவர் ஊர் மாறுவார், அல்லது போன் எடுக்க மாட்டார். புதுப்பிக்கும் தேதி தாண்டும், தளம் காணாமல் போகும். உங்கள் மெயில், உங்கள் மொபைல், ஓ.டி.பி. உங்களுக்கு வர வேண்டும். முதல் வருடச் சலுகை விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், இரண்டாம் வருடம் எவ்வளவு என்று பாருங்கள். ஹோஸ்டிங்குக்கும் இதே கதைதான்.

தமிழ்ப் பக்கத்துக்கு இரண்டிலும் வழி இருக்கிறது. வேர்ட்பிரஸில் பாலிலாங் என்ற பிளக்இனின் இலவசப் பதிப்பே போதும். ஆனால் அப்பா காலத்து விலைப்பட்டியல் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், காப்பி செய்து ஒட்டும்போது தமிழுக்குப் பதில் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகள் வந்து விழும். எந்த போனிலும் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். படங்களையும் போனிலிருந்து அப்படியே ஏற்றாதீர்கள். ஒவ்வொன்றும் நாலைந்து எம்.பி. இருக்கும்; இருபது பை உள்ள பக்கம் திறப்பதற்குள் வந்தவர் போய்விடுவார். 200 கே.பி. அளவுக்குச் சுருக்கினாலும் தையல் தெளிவாகத் தெரியும்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று தேடுங்கள். எதையும் நிறுவாமல் ப்ரௌசரிலேயே முழு வேர்ட்பிரஸ் திறக்கும். அங்கே எதைக் கெடுத்தாலும் நஷ்டமில்லை. ஒரு பக்கம் உருவாக்கி, ஒரு லேப்டாப் பையின் படத்தைப் போட்டு, கீழே ‘குறைந்தது 25 பீஸ்’ என்று எழுதுங்கள். பிறகு படத்தை மாற்றி 25-ஐ 50 ஆக்குங்கள். விக்ஸின் இலவசத் திட்டத்திலும் இதையே செய்து பாருங்கள். சீசனுக்கு சீசன் நீங்கள் செய்யப்போவது இந்த வேலைதான். வேர்ட்பிரஸில் கை ஓடினால் அங்கேயே தொடங்குங்கள், என் ஓட்டும் அதற்குத்தான். எரிச்சல் வந்தால் தயங்காமல் விக்ஸுக்குப் போங்கள். டொமைனை மட்டும் வேறிடத்தில் தனியாக வாங்கி, படங்களையும் விவரங்களையும் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.