சுவருக்கு வாடகை கேட்கும் கேலரி

கேள்வி: எனக்கு வயது 57. தணிக்கைத் துறையில் 31 வருடம் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றேன். நான்கு வருடமாக அக்ரிலிக்கில் அரூப ஓவியங்கள், அதாவது உருவம் எதுவும் இல்லாமல் வண்ணமும் கோடும் மட்டும் கொண்ட படங்கள், வரைகிறேன். ஓவியப் படிப்பு எதுவும் இல்லை. என் படங்களை இணையத்தில் பார்த்ததாகச் சொல்லி, வெளிநாட்டு கேலரி ஒன்று சர்வதேசக் கண்காட்சிக்கு மூன்று படங்கள் கேட்டிருக்கிறது. பங்கேற்புக் கட்டணம் என் இரண்டு மாத ஓய்வூதியம். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். இந்த வயதில் இன்னொரு வாய்ப்பு வருமா? கட்டிவிடட்டுமா?

பதில்: கட்டாதீர்கள்.

அந்தக் கடிதத்தையும் இணைத்திருந்தீர்கள், படித்தேன். உங்கள் வண்ணங்களில் அபூர்வமான ஆற்றல் இருக்கிறதாம், கோடுகள் பார்ப்பவரோடு உரையாடுகின்றனவாம். சரி, எந்தப் படத்தில்? ஒரு படத்தின் தலைப்புகூட அதில் இல்லை. இதே கடிதம் இதுவரை நான்கு பேர் வழியாக என்னிடம் வந்திருக்கிறது. பெயர் மட்டும் மாறும். ஒருமுறை அதையும் மாற்ற மறந்துவிட்டார்கள். மீசை வைத்த என் நண்பர் ஒருவரை யாரோ ஒரு பெண்மணியின் பெயரைச் சொல்லிப் பாராட்டியிருந்தார்கள். அவரும் பணம் கட்டினார் என்பதுதான் வேதனை.

ஒரு கேலரிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், மீதி தானாக விளங்கும். முறையான கேலரி உங்களிடம் முன்பணம் வாங்காது. படம் விற்றால் விலையில் பாதியை, சில இடங்களில் கொஞ்சம் குறைவாக, எடுத்துக்கொள்ளும். பாதியா என்று புதியவர்கள் பதறுகிறார்கள். அந்தப் பாதிக்காகத்தான் அவர்கள் வாங்குபவர்களைத் தேடி அலைகிறார்கள். கட்டணம் வாங்கும் கேலரிக்கு அந்தக் கவலை இல்லை. இருபது பேர் சுவருக்கு வாடகை கொடுத்துவிட்டால், கதவைத் திறப்பதற்கு முன்பே அவர்கள் லாபக் கணக்கை மூடிவிடலாம். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் மற்ற 19 ஓவியர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களும்தான். ஆளுக்கொரு சான்றிதழ், குழுப் புகைப்படம், அவ்வளவுதான். அப்புறம் விற்காத படங்களைத் திருப்பி அனுப்பும் செலவுக்கு இன்னொரு பில் வரும். அதைக் கட்டாதவர்களின் படங்கள் எந்தக் கிடங்கில் கிடக்கின்றனவோ.

ஏன் உங்களைப் போன்றவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள்? ஓய்வுபெற்ற கையோடு கொஞ்சம் மொத்தப் பணம் இருக்கும். படிக்கவில்லையே என்ற கூச்சமும் இருக்கும். அதற்கு மேல் நீங்கள் வரைவது அரூபம். உருவப்படத்தில் மூக்கு கோணினால் பக்கத்து வீட்டுப் பையனே சொல்லிவிடுவான். அரூப ஓவியத்தைப் பார்த்தால் வீட்டிலுள்ளவர்கள் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யாராவது உறுதியாகச் சொல்லமாட்டார்களா என்று மனம் ஏங்கும். அப்படி முதலில் வந்து சொல்கிற ஆள் பில்லோடு வருகிறான்.

நல்ல கேலரிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நீங்களாகப் படங்களை அனுப்பினால் 'கிடைத்தது' என்று ஒரு வரி பதில்கூடப் போடமாட்டார்கள். 'வளரும் கலைஞர்' உதவித்தொகை விண்ணப்பங்கள் பலவற்றில் 35 வயதோடு வளர்ச்சி நின்றுவிடுகிறது. 57 வயதில் தூரிகை பிடிப்பவர் வளரவில்லையா? இவர்கள் கதவைச் சாத்தி வைத்திருப்பதால்தான் அவர்கள் சுவரை வாடகைக்கு விட முடிகிறது.

பணம் கொடுப்பது நியாயமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயரிலும் ஏமாற்றுகிறார்கள். ஓவியர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு கேலரிதான் அது. அங்கே உறுப்பினர் சந்தா, வாடகைப் பங்கு இருக்கும். உங்கள் படங்களைப் பார்த்து மற்ற உறுப்பினர்கள் ஒத்துக்கொண்டால்தான் சேர முடியும். சேர்ந்த பிறகு நீங்களும் முறை வைத்து மேசையில் உட்கார வேண்டும், ஆணி அடிக்க வேண்டும், ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அந்தக் கணக்குதான் அடையாளம். கூட்டுறவு என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு வரவுசெலவைக் காட்ட மறுத்தாலும், ஒரே ஆள் எல்லாவற்றையும் முடிவுசெய்தாலும், விண்ணப்பித்த எல்லோரையும் சேர்த்துக்கொண்டாலும் அது கூட்டுறவு இல்லை. யாரையாவது நிராகரித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். "இல்லை" என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். வேறு எந்தக் கட்டணத்துக்கும் விதிவிலக்கு கேட்டு எனக்கு எழுத வேண்டாம்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான காந்தின்ஸ்கி சட்டம் படித்தவர். 1896-இல் தோர்பாட் பல்கலைக்கழகம் கொடுக்க வந்த வேலையை விட்டுவிட்டு, 30 வயதில் ஓவியம் கற்க முனிச்சுக்குப் போனார். போன கையோடு அரூபம் வரவில்லை, அதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் ஆயிற்று. சாக்கை ஒட்டுப்போட்டுப் படம் செய்த இத்தாலியர் அல்பர்ட்டோ பூரி ஒரு மருத்துவர். போர்க்கைதி முகாமில் இருந்தபோது வரையத் தொடங்கியவர். அமெரிக்காவின் ஆல்மா தாமஸ் 1960-இல் பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் முழுநேர ஓவியரானார். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் 1972-இல் தனிக் கண்காட்சி நடந்தபோது அவருக்கு 80 வயது. அவர் சொல்லிக்கொடுத்ததே ஓவியம்தான் என்பதால் உங்களோடு அப்படியே ஒப்பிட மாட்டேன். கியூபாவில் பிறந்த அரூப ஓவியர் கார்மென் ஹெரேரா பல பத்தாண்டுகள் வரைந்தபின் 89 வயதில்தான் முதல் படத்தை விற்றார். வெள்ளிக்கிழமைக்குள் அவசரப்பட வேண்டிய தொழில் இல்லை இது.

அந்த இரண்டு மாத ஓய்வூதியத்தில் நல்ல பெயின்ட் வாங்குங்கள். டியூபில் ஒளி தாங்கும் தரம் போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காகப் புகழ்பெற்ற அமெரிக்க அரூப ஓவியர் ராத்கோ வரைந்த பெரிய படங்களில் லித்தால் சிவப்பு என்ற நிறமி இருந்தது. ஜன்னல் வெயிலில் அது வெளுத்துப்போய், 1979-இல் படங்களைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். ராத்கோவுக்கே அந்தக் கதி. அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம், எண்ணெயின் மேல் அக்ரிலிக் பூசினால் உரிந்து வரும்.

அப்புறம் ஒரே அளவில் இருபது படங்கள் வரையுங்கள். முடிந்ததும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பிப் பாருங்கள். எந்த ஏழு படங்கள் ஒரே கையால் வரைந்தவை போல இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். கேலரிக்கு அந்த ஏழு படங்களைத்தான் காட்ட வேண்டும். படத்தைக் கொடுக்கும்போது தலைப்பு, அளவு, விலை, தரகு, திருப்பித் தரும் தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்கு வருவோம். 31 வருடம் மற்றவர்களுடைய கணக்கில் ஓட்டை தேடிய ஆள் நீங்கள். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, பழைய நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படியுங்கள். பிறகு மூன்று வரி பதில் போடுங்கள்: என் எந்தப் படம் வேண்டும்? போன கண்காட்சியில் எத்தனை படங்கள் விற்றன? கட்டணத்துக்குப் பதில் விற்பனையில் பாதி எடுத்துக்கொள்ள முடியுமா? நேரடியான பதில் வராது. வெள்ளிக்கிழமை தாண்டியதும் கெடு ஒரு வாரம் நீளும், அதற்கடுத்த வாரம் தள்ளுபடி வரும். அப்போதும் கட்டாதீர்கள்.