குல்மார்க்கில் வரும் நடுக்கம்: குளிரா, சர்க்கரைக் குறைவா?

கேள்வி: எனக்கு 44 வயது, என் கணவருக்கு 51. மதுரை திருநகரில் வசிக்கிறோம். திருமணமாகி 20 ஆண்டுகள் நிறைவதையொட்டி, பிப்ரவரியில் நாங்கள் இருவர் மட்டும் காஷ்மீரின் குல்மார்க்கில் நான்கு நாள்கள் தங்கிப் பனிச்சறுக்கு பழகலாம் என்றிருக்கிறோம். அவருக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது; மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு மாத்திரைகளும் இரவில் இன்சுலினும் எடுத்துக்கொள்கிறார். எனக்கு நோய் எதுவும் இல்லை. ஆனால் கொடைக்கானல் போகும்போதெல்லாம் தலைவலியும் வாந்தியும் வருகின்றன. நாங்கள் போகலாமா? மலைக்கான மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டுமா?

பதில்: சில பரிசோதனைகளை முடித்துக்கொண்டு நீங்கள் போய் வரலாம். உங்கள் கவலை முழுவதும் உங்கள் தலைவலியைப் பற்றியதாக இருக்கிறது. எனக்கோ உங்கள் கணவரின் இன்சுலினும் பாதங்களும்தான் கவலையளிக்கின்றன. இருந்தாலும் நீங்கள் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

கொடைக்கானலில் உங்களுக்கு வரும் தலைவலி எப்போது தொடங்குகிறது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வத்தலக்குண்டைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதே தொடங்கி, ஊர் போய்ச் சேர்ந்து ஓய்வெடுத்ததும் அடங்கிவிடுகிறது என்றால், அது பயணத்தால் வரும் குமட்டலே தவிர மலை உயரத்தால் வருவது அன்று. உயரத்தால் வரும் தலைவலி, போய்ச் சேர்ந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே பெரும்பாலும் தலைகாட்டும். பசியின்மை, சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றையும் கூட்டிக்கொண்டு முதல் இரவில் வாட்டும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இத்தொல்லை 2,500 மீட்டருக்கு மேல்தான் அதிகம் காணப்படுகிறது. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், மதுரையில் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அங்கிருந்து கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியில் இரண்டாம் கட்டம் வரை போனால், 4,000 மீட்டரை ஒட்டிய அஃபர்வாட் மலையில் அது ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடும்.

ஆகவே, காலையில் மதுரையில் விமானம் ஏறி அன்றிரவே குல்மார்க்கில் படுக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள். முதல் இரவை 1,600 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கும் ஸ்ரீநகரில் கழியுங்கள். குல்மார்க் சேர்ந்த முதல் நாள் ஊருக்குள் நடந்து, அடிவாரச் சரிவில் பழகுங்கள். அஃபர்வாட்டை மூன்றாம் நாளுக்குத் தள்ளி வையுங்கள். சில மணி நேரம் ஏறிப் பார்த்துவிட்டு வரும் உயரத்தைவிட, இரவில் உறங்கும் உயரமே இதில் முக்கியம். இப்படிப் போனால், முன்பு மலை நோய் கண்டிராத ஒருவருக்கு, நீங்கள் கேட்ட மலைக்கான மாத்திரையான அசிட்டசோலமைடு பொதுவாகத் தேவைப்படாது. அது சிறுநீரைப் பெருக்கும், விரல்களை மதமதக்கச் செய்யும். சல்பா வகை மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஏற்றதன்று. உங்கள் கணவர் போன்றோர் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. தலைவலி பாரசிட்டமாலுக்கு அடங்காமல், வாந்தி தொடர்ந்தால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அல்லது குதிகாலை முன்காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினால், விடியட்டும் என்று காத்திராமல் தங்மர்க் வழியாகக் கீழே இறங்கிவிட வேண்டும்.

தலைவலியில் இன்னொரு வகையும் உண்டு. காஷ்மீரின் சில விடுதிகளில் புகாரி என்ற கரி அடுப்பையோ விறகு அடுப்பையோ மூட்டி அறையைச் சூடேற்றுவார்கள். சாளரத்தை அடைத்துவிட்டுப் படுத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதுவும் தலைவலி, குமட்டல், மயக்கம் என்றே தொடங்கும் என்பதால் மலை உயரத்தின் மீது பழி போய்விடும். ஒரே அறையில் இருவருக்கும் ஒரே நேரத்தில் தலை கனத்தால், முதலில் கதவைத் திறந்து வெளியே வாருங்கள்.

இனி உங்கள் கணவர். கிளிமெபிரைடும் இன்சுலினும் சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகக் கூடியவை. பழக்கமில்லாத பனியில் விழுந்து எழுந்து மூன்று மணி நேரம் பயிற்சி செய்வது, திருநகரில் காலையில் நடப்பதைப் போன்றதன்று. சர்க்கரை குறைந்தால் கை நடுங்கும், பேச்சு குழறும், எரிச்சல் வரும். குளிரிலும் இவையெல்லாம் வரும். ஆதலால், குளிருகிறது என்று அவர் சொன்னால் நம்பாமல், பயிற்சி தொடங்கும் முன்பும் இடையிலும் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸ் தூளோ கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். பையில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நிலக்கடலையின் கொழுப்பால் அது மெதுவாகவே வேலை செய்யும் என்பதால், அவசரத்துக்கு உதவாது. சர்க்கரை தேறிய பிறகு சாப்பிடலாம். பகலில் உழைத்த உடலில் நள்ளிரவிலும் சர்க்கரை இறங்கக்கூடும். அந்த நாள்களில் இரவு இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதை அவருடைய மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஒரு மடக்குப் பிராந்தி என்று யாராவது சொன்னால் வேண்டாம். அது சர்க்கரையையும் இறக்கும், தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உடற்சூட்டையும் வெளியேற்றும்.

சித்திரை வெயிலில் இன்சுலினை ஈரமண் பானைக்குள் வைக்கச் சொல்லும் நாங்களே, அங்கே அதை உறையவிடாமல் காக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகும் பயன்படாது. விமானத்தில் கைப்பையிலும், பனியில் சட்டைக்குள் மார்போடு ஒட்டியும் இருக்கட்டும். குளுக்கோமீட்டரும் அங்கேயே இருக்கட்டும், மிகுந்த குளிரில் அது இயங்காது அல்லது தவறாகக் காட்டும்.

எட்டு ஆண்டுச் சர்க்கரையில் பாத உணர்ச்சி மங்கியிருக்கக்கூடும். காலணி இறுக்கி இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் உறைந்தாலும் அவருக்குத் தெரியாது. காஷ்மீரிகள் அங்கிக்குள் ஏந்தும் கங்கிரி என்ற கனல் சட்டியருகே காலை நீட்டி வெந்தாலும் தெரியாது. என்னிடம் வரும் வியாபாரி ஒருவர், மணாலி விடுதியில் மின்கணப்பின் முன் காலை வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்திருக்கிறார்; உள்ளங்காலில் கொப்புளம் எழுந்ததை மறுநாள் அவர் மனைவிதான் கண்டார். ஆகவே ஒவ்வொரு மாலையும் நீங்களே அவர் காலுறையைக் கழற்றி, விரலிடுக்கு வரை பாருங்கள். வெளிறி விறைத்த விரலைத் தேய்க்காமல், 37 முதல் 39 டிகிரி வெந்நீரில், சூட்டை உங்கள் கையால் பார்த்து, முக்கி வைத்து மருத்துவரிடம் போங்கள். பருத்திப் பனியனும் பருத்திக் காலுறையும் வியர்வையில் நனைந்தால் ஈரத்துணி போலாகிவிடும்; உள்ளாடை கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்க வேண்டும்.

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே அவருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பாத உணர்ச்சி, விழித்திரை ஆகிய சோதனைகளும், இதயத்துக்கு டிரெட்மில் சோதனையும் செய்துவிடுங்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். அதோடு மூச்சு முட்ட உழைப்பதும் சேரும்போது, வெளித்தெரியாத இதய அடைப்பு அங்கேதான் முதன்முதலாக வெளிப்படும்.

கண்ணுக்குக் குளிர் கண்ணாடி போதாது. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிப்பதால், பக்கவாட்டையும் மறைக்கும் பனிக்கண்ணாடி அணியுங்கள்.

மூட்டுக்கு இப்போதே பயிற்சி தேவை. கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளில் வாரம் மூன்று நாள் ஏறி, அதைவிட நிதானமாக இறங்குங்கள். இறங்குவதே தொடைத் தசைக்குப் பனிச்சறுக்கின் ஒத்திகை. பலகையோடு கால் பிணைந்திருப்பதால், உடல் திரும்பும்போது முறுக்கு முழுவதும் முழங்கால் தசைநாரில்தான் விழுகிறது. விழும்போது பலகை தானே கழன்றுகொள்ளும் பூட்டை உங்கள் எடையையும் வயதையும் வைத்தே முறுக்குவார்கள். வாடகைக் கடைக்காரர் எடை கேட்கும்போது நான்கைந்து கிலோவைக் குறைத்துச் சொல்லிவிட வேண்டாம், இருவரும்.