மலையேற்ற ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கீயிங் செய்யலாமா?

வெள்ளவத்தையில இருந்து சுவிஸுக்கு அண்ணாட்ட போறன், கையில இருக்கிற கிளைம்பிங் ஹெல்மெட் காணுமா எண்டு கேட்டிருக்கிறீங்க தம்பி. காணாது. அது ஈஎன் 12492 எண்ட ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்துக்கு வாறது, மேலயிருந்து கல்லு விழுறதை நினைச்சுச் செய்தது, டெஸ்டில 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்தில இருந்து உச்சியில போடுவாங்க, பக்கத்துக்கும் பின்னுக்கும் வெறும் 50 சென்டிமீட்டர்தான். ஸ்கீயில நீங்கதானே வேகமா போய் மரத்திலயோ ஐஸிலயோ மோதுறது, அதுக்கு ஸ்கீ ஹெல்மெட்டுக்கான ஈஎன் 1077 தரம் வேணும். ரெண்டு நம்பரும் உள்ள ஹெல்மெட்டும் இருக்கு, உள்ளுக்கு ஒட்டின லேபிளை ஒருக்கா பாருங்கோ. மற்றது, கிளைம்பிங் ஹெல்மெட்டில இருக்கிற காத்தோட்ட ஓட்டையளால குளிர் நேரா மண்டைக்குள்ள இறங்கும், காதும் மூடாது, கொழும்பு வேர்வையில இருந்து போற ஆளுக்குச் சும்மா விஷயமில்ல. இஞ்ச தேடி அலையாதீங்கோ, அங்க ஸ்கீ கடையளில வாடகைக்கே எடுக்கலாம்.