மாதம் ரெண்டு படத்துக்கு சந்தா எதற்கு?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். மாதத்துக்கு ரெண்டு, மூணு படம்தான் பார்ப்போம். அதுவும் சனி, ஞாயிறில் மாமியாரோடு சேர்ந்து ஹால் டிவியில். இதற்காக ஓடிடி சந்தா கட்ட மனசு வரவில்லை. ஆன்லைனில் படத்தை மட்டும் வாடகைக்கு எடுக்கலாமாமே, எந்தச் சேவை நல்லது?

பதில்: உங்கள் கணக்குக்கு வாடகைதான் சரி. யூடியூப், அமேசான் பிரைம் வீடியோ, ஆப்பிள் டிவி மூன்றிலும் ஒவ்வொரு படமாக வாடகைக்கு எடுக்கலாம். பிரைம் வீடியோவில் இந்த வசதி 2022-ல் இங்கே வந்தது. அதற்கு பிரைம் சந்தாகூட வேண்டாம், அமேசான் கணக்கு இருந்தால் போதும். பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது.

சேவையை முடிவு செய்துவிட்டு அதில் படம் தேடாதீர்கள். எந்தப் படம் வேண்டுமோ அதை மூன்றிலும் தேடுங்கள். ஒன்றில் இருக்கும் படம் இன்னொன்றில் இருக்காது, இருந்தாலும் வாடகை ஒன்றுபோல இருக்காது. வேற்றுமொழிப் படம் என்றால் தமிழ் ஆடியோ இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். மாமியாரை ரெண்டரை மணி நேரம் சப்டைட்டில் படிக்க வைக்க முடியாது. அப்புறம், உங்கள் மொபைல் ரீசார்ஜிலோ பிராட்பேண்ட் பிளானிலோ ஏற்கெனவே ஏதாவது ஓடிடி சேர்ந்திருக்கலாம். அதே படம் அங்கே சும்மா கிடைத்தால் காசு மிச்சம்.

ரொம்பப் பேர் ஏமாறுவது நேரக் கணக்கில்தான். வாடகை கட்டியதும் பார்க்கத் தொடங்க பொதுவாக 30 நாள் தருவார்கள். ஆனால் ஒருமுறை பிளேயைத் தட்டிவிட்டால் 48 மணி நேரம்தான். பாதியில் நிறுத்தி வைத்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. வெள்ளிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு 'டிவியில் ஓடுதா பார்ப்போம்' என்று தட்டிவிட்டு, ஞாயிறு ராத்திரி 9 மணிக்குச் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் படம் போயிருக்கும். டிவியைச் சோதிக்க டிரெய்லரைப் போட்டுப் பாருங்கள், அதற்குக் காசு கிடையாது.

போன் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பதாக இருந்தால் இன்னொன்று. ஹெச்டி தரத்தில் மணிக்கு சுமார் 3 ஜிபி ஆகும். தினம் 2 ஜிபி பேக் இடைவேளை வரைக்கும்கூடத் தாங்காது.

பக்கத்திலேயே 'வாங்கு' என்ற பட்டன் இருக்கும், விலையும் கூட. ஒரு தடவை பார்க்கிற படத்துக்கு அது வேண்டவே வேண்டாம். உரிமம் கைமாறினால், வாங்கிய படமும் காணாமல் போகலாம்.

கேள்வி: ஒரே ஒரு படத்துக்காக ஒரு ஆப்பில் இலவச டிரயல் எடுத்தேன். ஆப்பை அழித்த பிறகும் மாதாமாதம் பணம் போகிறது. - தாம்பரம் வாசகர்

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. முதலில் அந்தச் சேவையின் தளத்தில் உள்ளே போய்ச் சந்தாவை ரத்து செய்யுங்கள். பிறகு உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த அனுமதியையும் நீக்குங்கள். தானாகப் பணம் எடுக்க, 24 மணி நேரம் முன்பே தகவல் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் பழைய எஸ்எம்எஸ்களைப் பாருங்கள், வந்திருக்கும்.

ரத்து செய்ய விடாமல் இழுத்தடித்தால் அது தவறு. இப்படிச் சந்தாவில் சிக்க வைப்பதை 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்கின்றன. ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள்.