அடுப்படிக்குப் போகும்முன் மூன்று வரி

அன்புள்ள ஐயா,

மதுரையில் இரண்டு அறை வீடு எங்களுடையது. குறுநாவல் ஒன்றை ஆரம்பித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. காலை 10 முதல் 12 வரைதான் எனக்குக் கிடைக்கும் நேரம். அதற்குள் குக்கர் விசில், மாமியார் பார்க்கும் சீரியல், சிலிண்டர்காரர், மகளின் பள்ளி வாட்ஸ்அப் குழு. எழுந்து போய் வந்தால் விட்ட இடம் பிடிபடுவதில்லை. முதல் வரியிலிருந்து படித்துத் திருத்திக்கொண்டே வருவேன். முதல் பக்கத்தை முப்பது தடவையாவது திருத்தியிருப்பேன். 20,000 ரூபாயில் சத்தம் தடுக்கும் ஹெட்போன் இருக்கிறதாம், வாங்கலாமா? இல்லை, விடிகாலை 4 மணிக்கு எழுந்து பழகட்டுமா? படுக்கவே பதினொன்றரை ஆகிவிடுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

ஹெட்போன் வேண்டாம். மின்விசிறி, ஏசி, பேருந்து இரைச்சல் என ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியைத்தான் அந்தக் கருவி நன்றாக அமுக்கும். மனிதக் குரலை அந்த அளவுக்கு அமுக்காது. உங்களைக் கலைப்பதோ சீரியல் வசனம். தமிழில் எழுதும்போது காதில் தமிழ்ப் பேச்சு விழுந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பாட்டுப் போட்டு மறைக்கலாம் என்று பார்க்காதீர்கள், பாட்டிலும் சொல் இருக்கிறது. மெத்தென்ற நுரைக் காதடைப்பான் மலிவாகக் கிடைக்கும். அதை விரல்களுக்கிடையே மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தபடி செருகி, உள்ளே விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உருட்டாமல் திணித்தால் நழுவி வந்துவிடும். மின்விசிறியை ஒரு எண் கூட்டி வையுங்கள். பதினொன்றரைக்குப் படுப்பவர் 4 மணிக்கு எழுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

குக்கரில் சத்தத்தைவிட எண்ணிக்கைதான் தொல்லை. இரண்டு வந்ததா மூன்றா என்று ஒரு காதை அடுப்படியில் விட்டுவிட்டு உட்கார்ந்தால், பாதி ஆள்தான் மேசையில் இருப்பார். துவரம்பருப்பை அரை மணி ஊறவையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிடத்துக்கு டைமர் வைத்துவிட்டு, பிறகு எழுத உட்காருங்கள். அது கையால் முறுக்கும் சமையல் டைமராக இருக்கட்டும், கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். செல்போன் டைமரை அணைக்கப் போனால் பள்ளிக் குழுவில் போய் நிற்பீர்கள். பள்ளி எண்ணுக்கும் வீட்டார் எண்களுக்கும் மட்டும் மணி அடிக்கும்படி வைத்து, போனை ஹாலில் மாமியார் அருகே விடுங்கள்.

இதெல்லாம் சில்லறை. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கத்தை முப்பது தடவை! சிலிண்டர்காரர் வாசலில் நின்றது மூன்று நிமிடம் இருக்குமா? திரும்பி வந்து நீங்கள் முதல் பக்கத்தில் போக்கிய நேரம் எவ்வளவு? பழியை மட்டும் அவர்மேல் போட்டால் எப்படி? விட்ட இடம் தெரியாதபோது மனம் தனக்குப் பழகிய இடத்துக்கு ஓடும். முதல் பக்கத்தில் எல்லா வாக்கியமும் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதுவும் பிறக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு சொல்லை மாற்றியதும் எழுதிவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. பதினான்கு மாதத்தைத் தின்றது அந்த நிறைவுதான்.

நாற்காலியை விட்டு எழும்முன் மூன்று வரி எழுதுங்கள். மாத நாள்காட்டியின் பழைய தாளை அரைக்கால் அளவில் கிழித்து, ஒரு கட்டாக மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் காட்சியில் யார், எங்கே, கையில் என்ன. இரண்டாவதில் அடுத்த வாக்கியத்தின் முதல் மூன்று சொற்கள். மூன்றாவதில் உங்களுக்கு இன்னும் தீராத சந்தேகம். அரை நிமிடம் போதும். அழைப்பு மணி அரை நிமிடம் பொறுக்கும்.

பலர் இங்கே தவறுவது ஒரு விதத்தில்தான். 'அடுத்து சண்டை' என்று எழுதி வைப்பார்கள். திரும்பி வந்து பார்த்தால் அது எதையும் எழுப்பாது. 'தங்கை கதவோரம், கையில் பீரோ சாவி. அண்ணன் இன்னும் திரும்பி... அவளே கேட்கலாமா?' என்று இருந்தால், தாளைப் பார்த்ததும் சாவி கையில் குத்தும். ஐந்தாறு வரிக்குமேல் நீள விடாதீர்கள். அது கதைச்சுருக்கமாகிவிட்டால், எழுத வேண்டிய வேகம் அங்கேயே வடிந்துவிடும். செல்போனில் குறிக்கவே கூடாது. எழுத்தின் நடுவே எந்த ஊர், எந்த ஆண்டு என்று தேடத் தோன்றினால் அந்த இடத்தில் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டு நகருங்கள், தேடல் 12 மணிக்கு மேல்.

இந்தத் துண்டுத்தாள் கதைக்கு மட்டுமல்ல, உங்கள் மகளுக்கும் வேண்டியது. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் 'கவன எச்சம்' என்று குறித்தார். பிறகு அவரும் தெரசா கிளாம்பும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், விட்டுப்போகும் வேலையை மீண்டும் எங்கிருந்து, எப்படித் தொடங்குவது என்று சுருக்கமாகக் குறித்துவிட்டுப் போனவர்கள் குறுக்கே வந்த வேலையையும் நன்றாகச் செய்தார்கள் என்று காட்டினார்கள். விடுமுறை நாளில் குழந்தை வந்து ஏதோ கேட்கிறாள், நீங்கள் பாதிக் கதையில் இருந்தபடி எரிந்து விழுகிறீர்கள், இரவில் அதை நினைத்து வருந்துகிறீர்கள். மூன்று வரி எழுதிவிட்டுத் திரும்பினால் அவளுக்கு முழு அம்மா கிடைப்பாள். வீட்டார் உங்கள் எழுத்தை வெறுக்காமல் இருக்கவும் இது உதவும்.

திரும்பி வந்ததும் தாளைப் படியுங்கள், பிறகு கடைசி ஒரு பத்தியை மட்டும். மறுநாள் காலையென்றால் முந்தைய நாள் எழுதியதை மட்டும். அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே விடிகாலையில் நாவல் எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஆண்டனி ட்ரொல்லப் முதல் அரை மணி நேரம் அப்படித்தான் வாசித்தார். அதன்பின் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு 15 நிமிடத்துக்கு 250 சொல். தமிழில் சொற்கள் ஒட்டி நீள்வதால் அந்தக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். உங்களுக்கு 15 நிமிடத்துக்கு 80 சொல் வந்தால் நல்ல வேகம்.

அத்தியாயத்தை முடித்த திருப்தியோடு எழுவதும் ஆபத்து. மறுநாள் வெறும் வெள்ளைத்தாள் முன்னால் உட்கார நேரும். அடுத்த அத்தியாயத்தில் இரண்டு வாக்கியம் எழுதிப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருங்கள்.

நாளைக் காலை முதல் பக்கத்தை வெட்டி எடுத்துத் தனிக் கோப்பில் போட்டு, நாவல் முடிந்தபின் திறக்க வேண்டியது என்று பெயரிடுங்கள். நோட்டில் எழுதுகிறவர் என்றால் அந்தத் தாளைக் கவரில் வைத்து ஒட்டி, மாமியாரிடம் கொடுத்து வையுங்கள். கதை இப்போது எந்தப் பக்கத்தில் நிற்கிறது, காட்சியில் யார் கையில் என்ன இருக்கிறது, இந்த இரண்டை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்